ஆர்.சி. புத்தகத்தில் பெயர் இருந்தால் பார்க்கிங் பாக்கியும் நம் தலையிலா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

வேலூர், காட்பாடி பகுதிகளில் தனியார் வளாகங்களில் வண்டி நிறுத்தியதற்காக, ஓட்டி வந்தவரை விட்டுவிட்டு, ஆர்.சி. புத்தகத்தில் பெயருள்ளவரைத் தேடிப் பிடித்துப் பணம் கேட்கும் வழக்கம் தலைதூக்கியிருப்பதைச் சில காலமாகப் பார்த்து வருகிறேன். உள்ளே நுழையும்போது டோக்கன் கிழித்துக் கொடுத்துக் கையோடு பணத்தை வாங்கிக்கொள்ளும் ஸ்டாண்டுகளைப் பற்றிய புகார் அல்ல இது. வண்டி வெளியே போய்ப் பல நாள் கழித்து, "உங்கள் வண்டி எங்கள் வளாகத்தில் நேரம் கடந்து நின்றது, இவ்வளவு அபராதம் கட்டுங்கள்" என்று வாட்ஸ்அப்பிலோ அச்சடித்த தாளிலோ உரிமையாளருக்கு வந்து சேரும் கோரிக்கையைப் பற்றியது. இந்த மாவட்டத்து உரிமையியல் நீதிமன்றங்களில் எழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பணம் கேட்டு வரும் தாள்களில் எதற்குச் சட்டத்தின் பலம் உண்டு, எது வெறும் மிரட்டல் என்று பிரித்துப் பார்ப்பது என் பணியில் பாதி. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: வண்டி ஒருவர் பெயரில் பதிவாகியிருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக, வேறொருவர் அதைத் தனியார் இடத்தில் நிறுத்தியதால் உண்டான கட்டணம் அவருடைய கடனாகிவிடாது.

எங்கள் தெருவில் நடந்ததைச் சொன்னால் விளங்கும். மளிகைக் கடை வைத்திருக்கும் ஒருவரின் மோட்டார் சைக்கிளை, அவருடைய மைத்துனர் மகன் ஒரு வேலையாக எடுத்துச் சென்று, நகருக்குள் உள்ள ஒரு வணிக வளாகத்தின் கீழ்த்தளத்தில் விட்டுவிட்டுப் பஸ்ஸில் திருவண்ணாமலை போயிருக்கிறான். மறுநாள் வந்து எடுத்தபோது வாசலில் ஆள் இல்லை. அப்படியே வெளியே வந்துவிட்டான். ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து, கடைக்காரரின் கைபேசிக்கு வண்டி எண்ணின் படத்தோடு செய்தி வந்தது. இரவு நிறுத்தக் கட்டணம், விதிமீறல் கட்டணம், வசூல் செலவு என்று கூட்டி 1,800 ரூபாய் கேட்டிருந்தார்கள்; ஒரு வாரத்துக்குள் கட்டாவிட்டால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சொல்லி ஆர்.சி.யை முடக்கிவிடுவோம் என்றும் எழுதியிருந்தார்கள். மனிதர் பயந்துபோய்க் கட்டிவிட்டார். பார்க்கிங் குத்தகைக்காரர் சொல்லி ஆர்.சி. முடங்காது. பதிவை நிறுத்திவைப்பதற்கும் ரத்து செய்வதற்கும் உரிய காரணங்களை 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 53 முதல் 55 வரையுள்ள பிரிவுகளில் சொல்லியிருக்கிறது. தனியார் ஒருவருக்குப் பாக்கி வைத்திருப்பது அவற்றுள் ஒன்று அல்ல.

தனியார் இடத்தில் வண்டி நிறுத்துவது, சட்டத்தின் பார்வையில், இடத்தை நடத்துபவருக்கும் நிறுத்தியவருக்கும் இடையே உண்டாகும் ஓர் ஒப்பந்தம். வாசலில் கட்டணமும் நிபந்தனையும் எழுதிய பலகை இருக்கிறது. அதைப் பார்த்தபின் ஒருவர் உள்ளே வந்து வண்டியை நிறுத்தினால், அந்த நிபந்தனைகளை அவர் ஏற்றுக்கொண்டார் என்று 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி கொள்ள இடமுண்டு. ஆனால் ஏற்றுக்கொண்டவர் நிறுத்தியவர்தான். அந்த நேரத்தில் கடையில் எடை போட்டுக்கொண்டிருந்த உரிமையாளர் எதையும் ஏற்கவில்லை, பலகையைப் பார்க்கவும் இல்லை. பலகையே இல்லை என்றாலோ, தூணுக்குப் பின்னால் மங்கிய எழுத்தில் மாட்டியிருந்தாலோ, ஓட்டியவரோடுகூட ஒப்பந்தம் உண்டானதா என்பதே சந்தேகம். அபராதம் விதிப்பது அரசுக்கும் சட்டம் அதிகாரம் கொடுத்த அமைப்புகளுக்கும் உரியது. தனியார் வளாகம் அனுப்பும் தாளில் எவ்வளவு பெரிய எழுத்தில் அபராதம் என்று அச்சிட்டிருந்தாலும், அது ஒரு வியாபாரி இன்னொருவரிடம் கேட்கும் பாக்கித் தொகைதான்.

ஒரு விலக்கைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. உரிமையாளரின் வேலைக்காகவே, அவர் சம்பளம் கொடுக்கும் ஓட்டுநர் வண்டியை நிறுத்தியிருந்தால், அவர் உரிமையாளரின் முகவராகச் செயல்பட்டார் என்ற வாதம் எழும். தோல் தொழிற்சாலை வேன்கள், நிறுவனக் கார்கள் போன்றவற்றுக்கு இது பொருந்தக்கூடும். நாள் வாடகைக்கு ஆட்டோவை விட்டிருப்பவருக்கும், பக்கத்து வீட்டாருக்கு ஸ்கூட்டியை இரவல் கொடுத்தவருக்கும் அது பொருந்துவது கடினம். மாணவர்கள் நிறைந்த காட்பாடியில் ஒருவர் வண்டியை நான்கு பேர் ஓட்டுவது சாதாரணம். அந்த நான்கு பேரில் யார் எங்கே நிறுத்தினாலும் பெயருக்குரிய மாணவனின் அப்பா பணம் கட்ட வேண்டும் என்றால், அதற்குத் தனியாக ஒரு சட்டம் வேண்டும். நம் நாட்டில் தனியார் நிறுத்தக் கட்டணத்துக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை.

இருந்தும், வண்டி விஷயம் எதுவானாலும் உரிமையாளர்தான் பொறுப்பு என்று நம் மக்கள் நம்புவதற்குக் காரணம் இருக்கிறது. விபத்து வழக்குகளில் பதிவு உரிமையாளரைச் சட்டம் எளிதில் விடுவதில்லை. வண்டியை விற்றுவிட்டேன், பெயர் மட்டும்தான் மாற்றவில்லை என்று சொன்னவரைக்கூட, பதிவேட்டில் பெயர் இருப்பதால் அவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் நவீன் குமார் வழக்கில் தீர்ப்பளித்தது. (விற்றதைப் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்காமல் இருப்பவர்கள் நம் ஊரில் எத்தனையோ பேர், அவர்களுக்கு அந்தத் தீர்ப்பைத் தனியாகவே படித்துக்காட்ட வேண்டும்.) போக்குவரத்துக் காவல் துறையின் இ-சலானும் உரிமையாளர் பெயருக்கே வருகிறது. ஆனால் இந்த இரண்டும் மோட்டார் வாகனச் சட்டம் எழுத்தில் சொன்ன பொறுப்புகள். ஓட்டியவர் யார் என்று சொல்லும் கடமையும் அப்படித்தான்: 133-ஆம் பிரிவு, அந்தச் சட்டத்தின் கீழான குற்றம் சாட்டப்பட்டிருக்கும்போது, மாநில அரசு அதிகாரமளித்த காவல் அதிகாரி கேட்டால், ஓட்டியவரின் பெயர், முகவரி, உரிமம் பற்றிய தகவலை உரிமையாளர் தர வேண்டும் என்கிறது. கேட்க வேண்டியவர் காவல் அதிகாரி; இருக்க வேண்டியது குற்றச்சாட்டு. வணிக வளாகத்தின் செக்யூரிட்டி அந்தப் பிரிவுக்குள் எந்த வழியாகவும் நுழைய முடியாது. பொதுச் சாலையில் நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தியதற்காகக் காவல் துறை அனுப்பும் சலானுக்கு நான் இங்கே சொல்லும் பதில் எதுவும் உதவாது என்பதையும் வாசகர்கள் கவனத்தில் கொள்ள வேண்டும்.

தனியார் இடத்துக் கட்டணத்தைப் பதிவுதாரரிடம் கேட்கலாம் என்று சட்டமே இயற்றிய நாடும் உண்டு. வேலூரில் செவிலியர் படிப்பு முடித்து இங்கிலாந்தில் வேலை பார்க்கும் என் தங்கை மகளுக்கு அப்படி ஒரு கடிதம் வந்தபோதுதான் அந்தச் சட்டத்தை நான் உட்கார்ந்து படித்தேன். நம் மாவட்டத்துப் பிள்ளைகள் பலர் அங்கே இருப்பதால், அவர்கள் வீட்டாருக்கும் பயன்படும் என்று சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

2012-க்கு முன் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தனியார் நிலத்தில் நின்ற காரின் சக்கரத்தில் பூட்டு மாட்டி, பணம் கொடுத்தால்தான் திறப்பேன் என்று நின்றார்கள். 2012-ஆம் ஆண்டின் சுதந்திரங்கள் பாதுகாப்புச் சட்டம் அந்த வழக்கத்தைக் குற்றமாக்கியது. பூட்டைப் பறித்ததற்கு ஈடாக நிறுவனங்களுக்கு ஒன்றைக் கொடுத்தது: அச்சட்டத்தின் நான்காம் அட்டவணையின் நிபந்தனைகளை நிறைவேற்றினால், ஓட்டியவர் யாரென்று தெரியாதபோது, அந்தக் கட்டணத்தைப் பதிவுதாரரிடம் கேட்கலாம். அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. நிபந்தனைகள் கடுமையானவை. கேமரா மட்டும் பார்த்து, கண்ணாடியில் சீட்டு எதுவும் ஒட்டாத வழக்குகளில், நிறுத்திய நாளுக்கு மறுநாளிலிருந்து 14 நாட்களுக்குள் அறிவிப்பு பதிவுதாரர் கைக்குச் சேர வேண்டும். அஞ்சலில் போட்டால், போட்ட நாளுக்குப் பின் இரண்டாவது வேலை நாளில் சேர்ந்ததாகக் கருதப்படும். கண்ணாடியில் சீட்டு வைத்திருந்தால், முதல் 28 நாட்கள் ஓட்டியவருக்கு விடப்படும். அதற்கு அடுத்த 28 நாட்களுக்குள் பதிவுதாரருக்கு அறிவிப்பு வர வேண்டும். எந்த இடம், எவ்வளவு நேரம் வண்டி நின்றது, பணம் யாருக்குச் சேர வேண்டியது என்பன அதில் இருக்க வேண்டும். ஓட்டியவரின் பெயரும் முகவரியும் தங்களுக்குத் தெரியாது என்று சொல்லி, பணத்தைக் கட்டவோ ஓட்டியவரைத் தெரிவிக்கவோ பதிவுதாரரை அழைக்க வேண்டும். 28 நாட்களுக்குள் இரண்டும் நடக்காவிட்டால் பொறுப்பு அவர்மேல் வரும் என்ற எச்சரிக்கையையும் சேர்க்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் நிறுவனத்துக்கு இருக்கும் வழி ஓட்டியவரைத் தேடுவதுதான். தனி விதிகளுக்கு உட்பட்ட ரயில் நிலைய, விமான நிலைய நிலங்களுக்கு இந்த அட்டவணை பொருந்தாது. பதிவுதாரரிடம் இந்த வழியில் கேட்கக்கூடிய உச்சத்தொகை அந்த அறிவிப்பில் குறித்த தொகை. பிறகு வசூல் நிறுவனம் தன் பங்குக்குச் சேர்க்கும் பவுன்கள் அதற்குள் வராது.

தங்கை மகளின் காரை உடன் வேலை பார்க்கும் ஒருவர் கடைக்கு எடுத்துச் சென்றிருக்கிறார். நிறுத்திய நாளுக்கும், கடிதத்தின் மேல் அச்சிட்டிருந்த தேதிக்கும் இடையே மூன்று வாரத்துக்கு மேல் இடைவெளி. முதல் 14 நாட்களுக்குள் கட்டினால் தள்ளுபடி என்று போட்டிருந்ததைப் பார்த்து, "கட்டிட்டு நிம்மதியா இருக்கலாம்னு பார்க்கிறேன் மாமா" என்றாள். அந்தத் தள்ளுபடி இருப்பதே அதற்காகத்தான். வண்டியை ஓட்டியது நானா வேறு ஒருவரா என்ற பேச்சையே எடுக்காமல், பதிவுதாரர் என்ற முறையில் மட்டும் நான்கைந்து வரியில் முறையீடு எழுதச் சொன்னேன்: அறிவிப்பு சட்டம் குறித்த காலத்துக்குள் வரவில்லை, ஆகவே நான்காம் அட்டவணையின்படி பதிவுதாரர்மேல் பொறுப்பு இல்லை, ஓட்டியவரைத் தெரிவிக்கும் சட்டக் கடமையும் எனக்கு இல்லை, கட்டணத்தை ரத்து செய்யவும். நிறுவனம் மறுத்து எழுதியது. அங்கே நிறுவனம் எந்தச் சங்கத்தில் உறுப்பினரோ அதைப் பொறுத்து, பாப்லா (POPLA) அல்லது ஐ.ஏ.எஸ். (நம் ஊர் ஆட்சிப் பணி அல்ல, Independent Appeals Service) என்ற மேல்முறையீட்டு அமைப்புக்கு விஷயம் போகும். இவளுடையது பாப்லாவுக்குப் போனது. கட்டணம் இல்லை, மறுப்பு வந்த 28 நாட்களுக்குள் விண்ணப்பித்தால் போதும். அங்கே நிறுவனம் எதிர்வாதம் தராமல் கோரிக்கையைக் கைவிட்டது. "ஸாரி, நான் ஷாப்பிங் முடிக்க லேட்டாயிடுச்சு" என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தால் ஓட்டியவர் யார் என்பதைத் தானே ஒப்புக்கொடுத்தது போலாகியிருக்கும். காலக்கெடு பற்றிய வாதம் அதோடு போயிருக்கும்.

இதைப் படித்துவிட்டு எல்லாக் கடிதத்தையும் கிழித்துப் போடலாம் என்று அங்குள்ள பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. செம்ஸ்போர்டு நகரின் ஒரு கடைத்தொகுதியில் இரண்டு மணி நேர இலவச நேரத்தை 56 நிமிடம் கடந்த பேரி பீவிஸ் என்பவர், 85 பவுன் கட்டணத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார். 2015 நவம்பரில் ஏழு நீதிபதிகளில் ஆறு பேர் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். கடைகளுக்கு வருபவர்கள் மாறி மாறி இடம் பெற வேண்டும் என்பதில் இடத்துக்காரருக்கு நியாயமான அக்கறை உண்டு, பலகைகள் பெரிதாகத் தெளிவாக இருந்தன, தொகையும் மிகையானதல்ல என்பது அவர்கள் கண்ட முடிவு. ஆனால் பீவிஸ் தானே ஓட்டியவர். பதிவுதாரர் பொறுப்பு என்ற கேள்வி அங்கே எழவில்லை. இன்னொன்று: நீதிமன்றத்திலிருந்து வரும் தாளுக்குப் பதில் எழுதாமல் விட்டால் எதிராளிக்குச் சாதகமாகத் தானாகத் தீர்ப்பாகி, ஒரு மாதத்துக்குள் பணம் கட்டாவிட்டால் ஆறு ஆண்டு கடன் பதிவேட்டில் நிற்கும். வீடு மாறும்போது வாகனப் பதிவேட்டில் முகவரி மாற்றாமல் இருப்பவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்.

நம் நாட்டுச் சட்டம் தொகை விஷயத்தில் இன்னும் ஒரு படி தெளிவானது. ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு என்று முன்கூட்டி எழுதி வைத்திருந்தாலும், மீறியதாக நிரூபித்தால்கூட, அந்தத் தொகைக்கு மேற்படாத நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு சொல்கிறது. பாதி காலியாக இருந்த கீழ்த்தளத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் ஓர் இரவு நின்றதால் வளாகத்துக்கு என்ன இழப்பு என்று கேட்டால், ஒரு நாள் கட்டணத்துக்கு மேல் சொல்ல அவர்களுக்கு என்ன இருக்கிறது?

ஆகவே இங்கே இப்படி ஒரு கோரிக்கை வந்தால் உரிமையாளர் செய்ய வேண்டியது பணம் கட்டுவதும் அல்ல, தொலைபேசியில் சண்டை போடுவதும் அல்ல. எழுத்தில் பதில் தர வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்திருந்தாலும், அனுப்பியவரின் பெயரையும் முகவரியையும் கேட்டு, ஒப்புகை கிடைக்கும் வகையில் அஞ்சலில் அனுப்பி நகலை வைத்துக்கொள்ள வேண்டும். நான் எழுதிக் கொடுப்பது ஏறத்தாழ இப்படி இருக்கும்: "மேற்படி எண்ணுள்ள வாகனத்தின் பதிவு உரிமையாளர் என்ற முறையில் இதை எழுதுகிறேன். தங்களோடு நான் எந்த ஒப்பந்தமும் செய்துகொள்ளவில்லை. வாகனத்தை நிறுத்தியவரோடு தங்களுக்கு ஒப்பந்தம் இருந்ததாகக் கூறினால், நிறுத்திய நாளில் வாசலில் இருந்த பலகையின் படம், உள்ளே வந்த நேரத்துக்கும் வெளியே சென்ற நேரத்துக்குமான சான்று, அந்த இடத்தில் கட்டணம் வசூலிக்க நில உரிமையாளர் தங்களுக்கு அளித்த அதிகாரத்தின் நகல் ஆகியவற்றை அனுப்பவும். நான் பொறுப்பு என்று எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்படி கூறுகிறீர்கள் என்பதையும், என் பெயரும் தொலைபேசி எண்ணும் தங்களுக்கு எவ்வாறு கிடைத்தன என்பதையும் தெரிவிக்கவும். இவை வரும்வரை இக்கோரிக்கையை மறுக்கிறேன்." ஓட்டியவர் யார் என்பதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இருக்கக் கூடாது, அதே சமயம் பொய்யும் கூடாது. தானே ஓட்டியவர், வேறு யாரோ ஓட்டினார்கள் என்று எழுதினால், விஷயம் வழக்காகிக் கூண்டில் ஏறும் நாளில் அது அவரையே திருப்பிப் பிடிக்கும். சொல்லாமல் இருக்க உரிமை உண்டு. மாற்றிச் சொல்ல உரிமை இல்லை. தானே நிறுத்தி, பலகையையும் பார்த்து, நேரம் கடந்தது உண்மை என்றால், அன்றைய கட்டணத்தைக் கொடுத்துவிட்டு மிகையானதை மட்டும் மறுப்பதே முறை.

அந்தப் பதிலில் தொலைபேசி எண் பற்றிய கேள்வியை நான் வேண்டுமென்றே சேர்க்கிறேன். இங்கிலாந்தில் பதிவுதாரரின் முகவரியை நிறுவனங்கள் அரசின் வாகனப் பதிவுத் துறையிடம், ஒரு விவரத்துக்கு இரண்டரை பவுன் கட்டி, அங்கீகரிக்கப்பட்ட சங்கத்தின் உறுப்பினராக இருந்தால்தான் பெற முடியும். சங்கத்தின் நெறிமுறையை மீறினால் அந்த வசதி பறிபோகும். இங்கே வண்டி எண்ணைக் கொண்டு ஆளைக் கண்டுபிடிப்பது எந்த வழியில் நடக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்ட பிறகும், டிஎன் 23 என்று தொடங்கும் எண்ணைச் சொன்னால் பெயரும் கைபேசி எண்ணும் கிடைக்கும் என்று நம் ஊரில் வெளிப்படையாகப் பேசிக்கொள்கிறார்கள்.

சக்கரத்தில் சங்கிலி போடுவதும் இன்னும் நிற்கவில்லை. அங்கே பூட்டைப் பிடுங்கிக்கொண்டுதான் பதிவுதாரரைத் தொடரும் உரிமையைக் கொடுத்தார்கள். இங்கே குத்தகைக்காரர்கள் பூட்டையும் கையில் வைத்துக்கொண்டு, யாரும் தராத அந்த உரிமையையும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பொது இடத்தில் கேட்பாரற்று அல்லது சட்டத்துக்குப் புறம்பாக நிற்கும் வண்டியை அகற்றவோ அசையாமல் செய்யவோ மோட்டார் வாகனச் சட்டத்தின் 127-ஆம் பிரிவு வழி செய்கிறது; அந்த அதிகாரம் சீருடையிலுள்ள காவல் அதிகாரிக்கு உரியது. தனியார் வளாகத்தில் வண்டியைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டால், வாக்குவாதம் செய்யாமல் படம் எடுத்துக்கொண்டு காவல் நிலையத்தில் எழுத்துப் புகார் கொடுப்பதே நல்லது. அவசரத்துக்குக் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், ரசீதின் பின்புறம் "எதிர்ப்புடன் செலுத்தப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம். கையெழுத்துப் போட மாட்டார்கள். அதையும் புகாரில் எழுதலாம்.

இதே வளாகங்களின் டோக்கனைத் திருப்பிப் பார்த்தால், "வண்டிக்கோ பொருளுக்கோ நிர்வாகம் பொறுப்பல்ல" என்று இருக்கும். பலகையைக் கண்ணால் பார்க்காத உரிமையாளரைக்கூட ஒப்பந்தம் கட்டும், ஆனால் அவர் வண்டிக்கு எங்களை எதுவும் கட்டாது என்பது வேடிக்கையான சட்ட ஞானம். 1998-இல் டெல்லியில் ஒரு நட்சத்திர விடுதியின் ஊழியரிடம் சாவியைக் கொடுத்து நிறுத்தச் சொன்ன மாருதி ஜென் கார் திருடுபோன வழக்கில், "உரிமையாளரின் பொறுப்பில்" என்று சீட்டில் அச்சிட்டிருப்பதால் மட்டும் விடுதி தன் கவனக்குறைவிலிருந்து தப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019 நவம்பரில் தீர்ப்பளித்தது. சாவியை வாங்கிக்கொள்ளும் இடங்கள் அனைத்துக்கும் இது நேராகப் பொருந்தும்.

தீர்வு தேட எங்கே போவது என்பது இடத்தைப் பொறுத்தது. மாநகராட்சி குத்தகைக்கு விட்ட ஸ்டாண்டு என்றால் கட்டணம் மாநகராட்சி நிர்ணயித்தது; அதற்கு மேல் வாங்கினால் ஆணையரிடம் புகார் தரலாம். குத்தகை நிபந்தனைகளின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்டுப் பெறலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். காட்பாடி ரயில் நிலையம் போன்ற இடங்களில் ரயில்வேயின் 139 என்ற எண். முழுக்கத் தனியார் வளாகம் என்றால் நுகர்வோர் வழிதான் எளிது: 1915 என்ற தேசிய உதவி எண்ணில் பதிந்து பார்த்து, பயனில்லாவிட்டால் வேலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். 2019-ஆம் ஆண்டின் சட்டப்படி, புகார்தாரர் குடியிருக்கும் இடத்து ஆணையத்திலேயே மனு செய்யலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான விஷயங்களுக்கு மனுக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இல்லாமல் தாமே வாதிடலாம். குத்தகைக்காரர் தம் பாக்கியை உண்மையிலேயே நம்பினால், அவருக்கும் உரிமையியல் நீதிமன்றத்தின் கதவு மூன்றாண்டு திறந்திருக்கிறது. 1,800 ரூபாய்க்காக யாரும் அந்தப் படி ஏறி நான் பார்த்ததில்லை. கைபேசிச் செய்தியில் பயந்து கட்டுகிறவர்கள் இருக்கும்வரை ஏற வேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லை.

மாநகராட்சிக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் தங்கள் நாளிதழ் வாயிலாக ஒரு வேண்டுகோள். வணிகக் கட்டடங்களுக்கு வாகன நிறுத்த இடம் விடுவது 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி கட்டாயம். திட்ட அனுமதி பெறுவதற்காகக் காட்டிய இடத்தைத்தான் பின்னர் வளாகங்கள் குத்தகைக்கு விடுகின்றன. எனவே அங்கே என்ன நடக்கிறது என்று கேட்கும் உரிமை உள்ளாட்சிக்கு உண்டு. கட்டணத்தையும் மிகைநேரக் கட்டணத்தையும் நுழைவாயிலில் தமிழில், தூரத்திலிருந்து படிக்கும் அளவில் எழுத வேண்டும். மருத்துவத்துக்காக வெளி மாநிலத்தார் பெருமளவில் வரும் ஊர் இது என்பதால் இந்தியிலும் வங்காளத்திலும் தெலுங்கிலும் எழுதினால் இன்னும் நல்லது. ரசீதில் குத்தகைக்காரரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். வெளியேறும் வாசலில் ஆள் இருந்து அன்றே வாங்காத பணத்தை, பிறகு பதிவேட்டைப் புரட்டி உரிமையாளரிடம் கேட்கக் கூடாது என்ற நிபந்தனையை மாநகராட்சி தன் ஸ்டாண்டுகளுக்கான அடுத்த ஏல அறிவிப்பிலேயே சேர்த்துவிடலாம். அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை, ஒரு மன்றத் தீர்மானம் போதும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நீதிமன்ற எழுத்தர்,
சத்துவாச்சாரி, வேலூர்.